ஐந்து மூடி

பெங்களூரிலிருந்து வந்த பேரன் ஐந்து பாட்டில்களைச் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்தான். "தாத்தா, லாங் ஐலண்ட் ஐஸ்டு டீ கலக்கப் போறேன். கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்றான். 1986 காணும் பொங்கல் அன்றே எனக்கு அது அறிமுகமாகிவிட்டது.

அன்றைக்குத் திருநீர்மலை ஒரு கிராமம். தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்ததெல்லாம் நேற்று நடந்த கதை. எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் மலைமேல் ரங்கநாதர் கோயில் விளக்கு தெரியும். கப்பலில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் வோட்கா, ஜின், வெள்ளை ரம், டெக்கீலா, ஆரஞ்சு வாசனை கொண்ட டிரிபிள் செக் என்று ஐந்தையும் கொடுத்து, கலக்கும் முறையை ஒரு தாளில் எழுதியும் தந்திருந்தார். நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் ராபர்ட் பட் என்ற பார்காரர், 1972-ல் ஒரு போட்டிக்காகத் தான் கலந்தது என்று சொல்லிவந்த பானம் அது. பெயரில்தான் டீ. உள்ளே ஒரு சொட்டு டீ கிடையாது, நிறம் மட்டும் அப்படி.

தாளில் ஒவ்வொன்றும் அரை அவுன்ஸ் என்று இருந்தது. அரை அவுன்ஸ் என்றால் 15 மில்லி. நான் யாரையும் கேட்கவில்லை. ஒரு பெக் என்று நானே முடிவுகட்டி, முப்பது முப்பதாக ஊற்றினேன். சரியாகக் கலந்தாலே ஒரு கிளாஸில் 75 மில்லி சரக்கு, ஒரு கட்டிங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. என் கையால் கலந்ததில் 150. எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, ஐஸ்கட்டி, மேலே தம்ஸ்அப்.

பம்மலிலிருந்து வந்திருந்த மச்சான் முதல் கிளாஸைத் தாகத்துக்குக் குடிப்பதுபோலக் குடித்தான். "மாமா, காரமே இல்லையே!" என்றான். ஐஸ் நாக்கை மரக்கவைக்கிறது, புளிப்பும் இனிப்பும் காரத்தை மூடிவிடுகின்றன. குடித்தது ரத்தத்தில் முழுசாக ஏற அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். முதல் கிளாஸ் ஏறி முடிப்பதற்குள் இரண்டாவது இறங்கிவிட்டது. மலையைச் சூழ்ந்திருந்த தண்ணீர் வடியட்டும் என்று திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து பெருமாளைச் சேவித்த தலம் இது. சின்ன வயதிலிருந்தே அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு அரை மணி நேரம் பொறுக்கத் தெரியவில்லை.

எட்டரை மணிக்கு மச்சான் வீட்டுக்குப் போகிறேன் என்று எழுந்தான். தடுக்கத் தடுக்க வீறாப்பு கூடியது. கீழே ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டு லாரி டிரைவர் அண்ணன் வந்து நின்றார். கல்குவாரி லாரி ஓட்டியவர், அதிகம் பேசாதவர். வண்டியை ஒருமுறை சுற்றிவந்து பின்சக்கரத்துக்கிட்டே உட்கார்ந்தார். "தம்பி, பின்னாடி பஞ்சர். பொங்கலும் அதுவுமா எந்தக் கடை இருக்கும்? காலைல பார்த்துக்கலாம், படு" என்றார். மச்சான் மறுபேச்சு பேசவில்லை. போகக் கூடாது என்று அண்ணன் அவனிடம் சொல்லவில்லையே!

அன்றைய இரவு லேசில் போகவில்லை. நான் மோர் கொடுத்தேன், தலையில் தண்ணீர் ஊற்றினேன், காபி போடப் போனேன். அண்ணன் தடுத்தார். "இதெல்லாம் இறக்காது. நேரந்தான் இறக்கும்." கல்லீரல் ஒரு மணி நேரத்துக்குப் பத்து கிராம் ஆல்கஹால் போலத்தான் கரைக்கும் என்று பின்னாளில் ஒரு மருத்துவர் எனக்கு விளக்கினார். அந்த இரண்டு கிளாஸில் ஏறக்குறைய நூறு கிராம். வாந்தி வந்தால் மூச்சுக்குழலில் போய்விடும் என்று அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, அசதியில் மல்லாந்தபோதெல்லாம் திருப்பிவிட்டபடி விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார் அண்ணன்.

காலையில் பம்போடு வந்தவரும் அவர்தான். டியூபில் ஓட்டையே இல்லை. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். "மச்சான்கிட்ட சொல்லிக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காற்றடித்தார். நான் இன்றுவரை சொல்லவில்லை. மச்சானும் போய்ச் சேர்ந்துவிட்டான். இப்போது எழுதுவதில் பிழையில்லை என்று நினைக்கிறேன்.

பேரனிடம் இருமல் மருந்தோடு வரும் அளவு மூடியைக் கழுவிக் கொடுத்தேன். பதினைந்து என்று கோடு போட்டிருக்கும். "ஒவ்வொன்றிலும் ஒரு மூடி. ஐஸை முதலில் நிரப்பு, கோலாவைக் கடைசியில் நிறத்துக்கு மட்டும் விடு. ஆளுக்கு ஒன்று. முதலில் சாப்பாடு." அவன் நண்பர்கள் மூன்று பேர் பைக்கில் வந்தார்கள். சாவிகளை வாசலிலேயே வாங்கி அரிசி டப்பாவுக்குள் போட்டேன். கடைசிப் பையன் தயங்கினான்.

"பக்கத்துல பம்மல்தான் தாத்தா, பத்து நிமிஷம்."

"தெரியும்ப்பா" என்று சொல்லி, அவனுக்கும் சேர்த்துப் பாய் எடுக்கப் போனேன்.