சத்தம் எங்கே போச்சு?

(இறுதியாண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)

ஏ.ஆர்.ரகுமான் 1989-ல் சென்னையில் தன் வீட்டோடு ஒரு ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். 1992-ல் 'ரோஜா' வந்தது. நம் எல்லோருக்கும் தெரிந்த கதை. சென்ற ஆண்டு நானும் ஒன்று அமைத்தேன். கல்வராயன் மலை அடிவாரத்தில், கச்சிராயப்பாளையம் பக்கம், எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகைக்கு அடுத்த அறைதான் என் ஸ்டுடியோ. சித்தப்பா மகன் கொடுத்த பழைய எலக்ட்ரிக் கிட்டார், அவனே கொடுத்த பழைய லேப்டாப், கள்ளக்குறிச்சியில் 40 ரூபாய்க்கு வாங்கிய ஒரு மாற்றுப் பின். அவ்வளவுதான் என் மூலதனம்.

என் விடுதி நண்பன் வெள்ளிமலைக்காரன். சாமை அறுக்கும்போது அவன் அத்தை பாடுகிற பாட்டை அப்படியே பாடுவான். "நீ வாசி, நான் பாடுறேன். பொங்கலுக்கு அத்தைகிட்ட போட்டுக் காட்டணும்டா" என்றான். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

முதல் நாள் கிட்டாரைச் செருகி, பத்து நிமிடம் வாசித்து, போட்டுக் கேட்டேன். கிட்டார் எங்கோ பக்கத்து ஊரில் வாசிப்பதுபோல் இருந்தது. ஆனால் "டேய், சோறு ஆறுது, வாடா!" என்ற அம்மாவின் குரல் மட்டும் கணீரென்று கேட்டது. நண்பர்களே, பழுது எங்கே என்று அந்தக் குரலே சொல்லிவிட்டது. எனக்குத்தான் புரியவில்லை. வால்யூமை 100-க்கு ஏற்றினேன். கோழி கத்துவதும் சேர்ந்து கேட்டது. டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். சாப்ட்வேரை மாற்றினேன். இரண்டு வாரம் ஓடிப்போனது.

கடைசியில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பார்த்தவர், "சவுண்டு போயிடுச்சு தம்பி, போர்டு மாத்தணும், 2,800 ஆகும்" என்றார். வீட்டில் வந்து சொன்னேன். அப்பா ஒன்றும் பேசாமல் பால் பணத்தை எடுத்து வந்து கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "மூணு வருசமா இதத்தானடா படிக்கிற?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான். தலையைக் குனிந்துகொண்டேன். அவரே தொடர்ந்தார்: "போன மாசம் மோட்டார் தண்ணி எடுக்கலியே, நான் மோட்டாரயா கழட்டினேன்? கிணத்துல எறங்கி புட்வால்வுல இருந்துதான பாத்துக்கிட்டு வந்தேன்?"

அன்று இரவு நானும் கிணற்றில் இறங்கினேன்.

முதலில் கிட்டார் ஒயர். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், நன்றாக இருந்தது. அடுத்து பின். என் லேப்டாப்பில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே துளை. அதற்குள் போகவேண்டிய பின்னுக்கு நான்கு தொடர்புகள்: இடது காது, வலது காது, எர்த், மைக். கிட்டார் பின்னுக்கு இரண்டுதான். அதை அங்கே செருகினால் மைக்கும் எர்த்தும் ஒன்றாகி ஷார்ட் ஆகிவிடும். கிட்டார் சிக்னலோ இடது காதுக்குப் போகிற வழியில் போய் நிற்கும். அதாவது, தண்ணீர் வெளியே கொட்டுகிற குழாயைக் கொண்டுபோய்க் கிணற்றில் விட்டவன் நான்!

அப்படியானால் பதிவானது எது? லேப்டாப்பின் மேல் நகத்தால் தட்டினேன். 'டக் டக்' என்று பலமாகப் பதிவானது. வெளி மைக் எதுவும் தெரியாததால் லேப்டாப் தன் சொந்த மைக்கிலேயே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அம்மாவின் குரல் கணீரென்று வந்த ரகசியம் இதுதான். போர்டு போகவே இல்லை!

650 ரூபாய்க்கு யுஎஸ்பி கிட்டார் கேபிள் ஒன்று வாங்கினேன். சாப்ட்வேரில் 'இன்புட்' என்ற இடத்தில் அதைத் தேர்ந்தெடுத்தேன். சத்தம் வந்தது, ஆனால் கரகரவென்று வந்தது. ஆத்திரத்தில் ஏற்றிய 100 அப்படியே இருந்தது. டிஜிட்டலில் 0 டெசிபல்தான் உச்சவரம்பு. அதற்கு மேல் போகிற அலையின் தலை வெட்டுப்படும், பிறகு ஒட்டவே முடியாது. பலமாக மீட்டும்போதும் -12 டெசிபலைத் தாண்டாதபடி இறக்கி வைத்தேன். அது உச்சத்தில் கால் பங்கு. சத்தம் போதாவிட்டால் பதிவு செய்தபின் ஏற்றிக்கொள்ளலாம்.

மிச்சம் இருந்தது தாமதம். நான் மீட்டுவது ஹெட்போனில் பிந்திக் கேட்டது, தாளம் நிற்கவில்லை. கம்ப்யூட்டர் ஒலியைக் குடம் நிரம்பியபின்தான் தூக்கும். நொடிக்கு 44,100 மாதிரிகள். குடம் 2,048 என்றால் நிரம்பவே சுமார் 46 மில்லி விநாடி. 16 மீட்டர் தள்ளி நின்று ஒருவர் வாசிப்பதைக் கேட்பதற்குச் சமம். இதற்காகவே ஜெர்மனியின் ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 1997-ல் ஆசியோ என்ற டிரைவர் முறையைக் கொண்டுவந்தது. சாதாரண லேப்டாப்புக்கு 'ஆசியோ ஃபார் ஆல்' என்று இலவசமாகவே கிடைக்கிறது. அதைப் போட்டு 64 வைத்தேன். பழைய லேப்டாப்புக்கு மூச்சு வாங்கிப் படபடவென வெடித்தது. 256 வைத்தேன். குடம் சொம்பானது, 6 மில்லி விநாடிதான். கிட்டார் கைக்குள் வந்துவிட்டது.

மீதி 2,150 ரூபாயை அப்பாவிடம் நீட்டினேன். எண்ணாமல் அம்மாவிடம் கொடுத்துவிட்டார். மறுநாள் பக்கத்து நிலத்துக்காரரிடம், "படிச்ச புள்ள, அவனே பாத்துக்கிட்டான்" என்றாராம். அந்தப் புள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்பதை அவர் சொல்லவில்லை. ஆகவே இந்த மலரில் நான் சொல்கிறேன்.

நண்பர்களே, எந்தப் பழுதானாலும் சிக்னல் பிறக்கிற இடத்திலிருந்து வாருங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். பணத்தைக் கடைசியாக எடுங்கள்.

பொங்கலுக்கு வெள்ளிமலை போனோம். அத்தை ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்து, கண்ணை மூடி, முழுப் பாட்டையும் கேட்டார். முடிந்ததும் என்னைப் பார்த்துச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு சாமி. அந்தக் கம்பிச் சத்தத்தக் கொஞ்சம் கொறச்சிடு."