பதினோரு எழுத்து விலாசம்

கும்பகோணத்தில் எனக்கு ஒரு சித்தி இருக்கிறாள். சின்ன வயதில் தாயாரை இழந்த என்னை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். சித்தப்பா காலமான பிறகு, மாதம் பிறந்ததும் அவளுக்கு ஐயாயிரம் ரூபாய் அனுப்புவது என் வழக்கம். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை என்பது சற்று நேரத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

முன்பெல்லாம் பணம் அனுப்புவது என்றால் மணியார்டர்தான். வீட்டு எண் தப்பாயிருந்தால்கூடத் தபால்காரர், "ஓ, அந்த அம்மாளா!" என்று தேடிக்கொண்டு போய்க் கொடுத்துவிடுவார். இப்போது கைப்பேசியை எடுத்து நாலு தட்டு தட்டினால் தீர்ந்தது. காப்பி ஆறுவதற்குள் பணம் போய்ச் சேர்ந்துவிடும். சேர்ந்துவிடுகிறது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சில வருஷங்களுக்கு முன், ஐப்பசியில் ஒரு கல்யாணத்துக்காகக் கும்பகோணம் போனேன். புதுப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போய் நின்றேன். "புடவை ரொம்ப நன்னாயிருக்குடி" என்று தடவிப் பார்த்தாள். குடிக்கத் தண்ணீர் எடுக்க உள்ளே போனபோது, அலமாரியில் அவளுடைய ரத்த அழுத்த மாத்திரை அட்டை கண்ணில் பட்டது. தினம் ஒன்று போட வேண்டிய மாத்திரை. தீர்ந்திருக்க வேண்டிய அட்டையில் பாதி அப்படியே இருந்தது.

"என்ன சித்தி இது?"

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கறேன். போறும்."

"யார் சொன்னா போறும்னு?"

சித்தி பதில் சொல்லவில்லை. வற்புறுத்திக் கேட்டபிறகு, "மூணு மாசமாப் பணம் வரலையே. குழந்தைகள் படிப்பு, உனக்கும் செலவு ஜாஸ்தி போலிருக்குன்னு நினைச்சேன். அதை நான் வாய்விட்டுக் கேட்கலாமா, நீயே சொல்லு" என்றாள்.

எனக்குப் பேச்சே எழவில்லை. நான் மாதம் தவறாமல் அனுப்பியிருக்கிறேனே! அங்கேயே உட்கார்ந்து கைப்பேசியைத் துழாவினேன். மூன்று மாதமும் பணம் போயிருந்தது. மூன்று மாதமும் என் கணக்குக்கே திரும்பி வந்துமிருந்தது! திரும்பிய தகவலும் வந்திருக்கிறது. தள்ளுபடி விற்பனைக்கும் "கடன் வேண்டுமா?"வுக்கும் நடுவில் அது புதைந்து கிடந்தது. கணக்கில் பணம் தாராளமாக இருக்கிறதே என்று என் சிக்கனத்தை நானே மெச்சிக்கொண்டு வாங்கியதுதான் அந்தப் பட்டுப்புடவை.

மறுநாள் சித்தியோடு வங்கிக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி சின்னப் பெண், பொறுமைசாலி. "உங்கள் சித்தியின் வங்கி வேறொரு வங்கியோடு இணைந்துவிட்டது. கணக்கு எண் அதேதான்; கிளையின் குறியீடு மாறிவிட்டது. பழைய குறியீட்டுக்கு அனுப்பினால் இப்போது திரும்பி வந்துவிடும்" என்றாள். இதைச் சொல்லிச் சித்திக்குக் கடிதமும் போட்டிருக்கிறார்கள். இங்கிலீஷ் கடிதமென்று சித்தி அதைப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகி வைத்திருந்தாள்!

ஐ.எஃப்.எஸ்.சி. என்று பாஸ்புத்தகத்திலும் காசோலையிலும் அச்சிட்டிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அன்றைக்கு அந்தப் பெண் காகிதத்தில் எழுதிக் காட்டியதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். மொத்தம் பதினோரு இடங்கள். முதல் நான்கு எழுத்துக்கள் வங்கியின் பெயர். ஸ்டேட் வங்கிக்கு எஸ்.பி.ஐ.என்., இந்தியன் வங்கிக்கு ஐ.டி.ஐ.பி. ஐந்தாவது இடத்தில் எப்போதும் பூஜ்யம். 'ஓ' என்ற இங்கிலீஷ் எழுத்தல்ல. பிற்காலத் தேவைக்கென்று காலியாக விட்டுவைத்த இடம் அது. கடைசி ஆறும் கிளையைக் காட்டும். ஆகவே, ஒரு வங்கிக்கு ஊரில் நாலு கிளை இருந்தால் நாலுக்கும் வெவ்வேறு குறியீடு.

காசோலையின் அடியில் இருக்கும் ஒன்பது இலக்க எண் வேறு. அது காசோலைகளைப் பிரிப்பதற்கானது. அதன் முதல் மூன்று இலக்கம் ஊர். சென்னைக்கு, பின்கோடில் வருகிற அதே 600. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வங்கிகள் இணைந்தால் குறியீடு ஏன் மாற வேண்டும்? புகுந்த வீட்டுக்குப் போன பெண்ணின் இனிஷியல் மாறுவதில்லையா, அதுபோலத்தான். 2020 ஏப்ரல் 1ஆம் தேதி பத்துப் பொதுத்துறை வங்கிகள் இணைந்து நான்காயின. சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் சேர்ந்தன. இப்படி இணையும்போது பழைய குறியீடும் சில காலம் செல்லும். பிறகு ஒரு நாள் செல்லாமல் போய்விடும். நம் கைப்பேசியில் என்றோ பதிந்து வைத்ததை நாம்தான் மாற்ற வேண்டும்.

குறியீடு தப்பிப் பணம் திரும்பி வந்ததே, அதுவும் ஒரு வகையில் என் அதிர்ஷ்டம். கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தவறி, அந்த எண்ணில் வேறொருவருக்குக் கணக்கு இருந்தால் என்ன ஆவது? பணம் அங்கே போய் உட்கார்ந்துவிடும். நாம் எழுதும் பெயரைப் பார்த்துப் பணம் சேர்வதில்லை. எண்ணைப் பார்த்துத்தான் சேர்கிறது. அதனால்தான், அனுப்புமுன் கணக்குக்காரரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1ஆம் தேதிக்குள் தரும்படி வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கட்டளையிட்டது. அந்தப் பெயரை ஒரு முறை படித்துப் பாருங்கள். புதிதாக ஒருவருக்கு அனுப்புவதானால், முதலில் பத்து ரூபாய் அனுப்பி, வந்ததா என்று கேட்டுக்கொண்டு மிச்சத்தை அனுப்புங்கள்.

இவ்வளவும் தெரிந்துகொண்டேன். ஆனாலும் என் மனத்தை உறுத்துவது வேறு. அந்த மூன்று மாதமும் நாங்கள் வாரம் தவறாமல் தொலைபேசியில் பேசிக்கொண்டுதான் இருந்தோம். அவள் கேட்கக் கூச்சப்பட்டாள். சொல்லிக்காட்டுவதுபோல் ஆகிவிடுமோ என்று நானும் பணப் பேச்சே எடுக்கவில்லை. இரண்டு பேருடைய மரியாதைக்கும் நடுவில் மாத்திரை பாதியாகிவிட்டது.

இப்போது பணம் அனுப்பிய கையோடு சித்தியைக் கூப்பிட்டுவிடுகிறேன்.

"வந்துதா சித்தி?"

"வந்துடுத்துடி."

"மாத்திரை?"

"போட்டுண்டாச்சு, போ!"