காடாய்ப் போன வளவு

மன்னாரிலிருந்து தெற்கே அருவியாற்றைக் கடந்து, சிலாவத்துறை வழியாக மறிச்சுக்கட்டிக்குச் செல்வோர், வழியெங்கும் காடும் பற்றையுமே காண்பர். அவற்றுட் சில, ஒருகாலத்தில் பிள்ளைகள் ஓடியாடிய வீட்டு வளவுகள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் இவ்வூர்களின் முஸ்லிம் மக்களை வெளியேற்றினர். 2009இல் போர் ஓய்ந்தபின் மீண்டவர்கள், அடுக்களை இருந்த இடத்தில் முள்மரம் நிற்கக் கண்டனர். போதாக்குறைக்கு, 2012இல் இப்பகுதிக் காடுகள் சில வர்த்தமானி மூலம் ஒதுக்குக்காடுகளாயின. வளவு எது, காடு எது என்ற வழக்கும் எழுந்தது.

இத்தகைய வளவைத் திருத்த முனைவோர் முதலில் தேடவேண்டியது கிணற்றையே. பற்றை மூடிய பாழ்ங்கிணறு ஆளை விழுங்கும். ஆனால் அங்கே குடியிருந்தோம் என்பதற்கு அதனினும் உறுதியான சான்று ஏது?

அதன்பின் கத்தியைச் சற்று நிதானமாகவே ஓங்கவேண்டும். அனைத்தையும் வெட்டித் தீயிட்டால் மிஞ்சுவது சுடுமணலே. உடையும் விடத்தலும் நடுவளவில் வேண்டா. தென்மேற்கு எல்லையில் ஒரு வரிசை நின்றால் சோளகக் காற்றைத் தடுக்கும். (விடத்தல்தீவு என்னும் ஊர்ப்பெயரில் இம்மரம் நிலைத்திருப்பதை மாணவர் நினைவிற் கொள்க.) வெட்டிய தழையை மரத்தடியிற் பரப்பினால் ஈரம் காயாது. ஆண்டுதோறும் மாரிக்குப் பின் முளைக்கும் முட்கன்றுகளை வேரோடு பிடுங்கினாற் போதும்.

வேம்பையும் பாலையையும் தொடலாகாது. நாம் நட்டு நீரூற்றியிருந்தாலும் பாலை இத்துணை ஆண்டுகளில் இவ்வளவுதான் வளர்ந்திருக்கும். பழமோ தேனாய் இனிக்கும்.