தொர்தோன் ஆற்றங்கரையில் ஒரு வாரம்

பிரான்ஸ் என்றதும் எமக்கு நினைவுக்கு வருவது பாரிஸ் நகரமும் ஈபிள் கோபுரமும்தான். ஆனால் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் பாடசாலைகள் மூடப்பட்டதும் பாரிஸ்வாசிகள் பெருந்தொகையாக நகரத்தை விட்டு வெளியேறிவிடுகிறார்கள். சிலர் கடற்கரைக்குச் செல்ல, வேறு சிலர் நாட்டுப்புறங்களை நாடுகிறார்கள். அவ்வாறு குடும்பங்கள் விரும்பிச் செல்லும் இடங்களில் ஒன்று, தென்மேற்கே தொர்தோன் ஆறு பாயும் பள்ளத்தாக்கு. பாரிஸிலிருந்து சுமார் 500 கிலோமீற்றர் தூரத்திலுள்ள இப்பிரதேசத்தின் பழைய பெயர் பெரிகோர். பாரிஸில் வாழும் எனது பெரியம்மாவின் மகள் குடும்பத்தாருடன் ஒரு கோடையில் இங்கு ஒரு வாரம் தங்கியிருந்தேன்.

சாதாரண உழைப்பாளிக் குடும்பங்கள் இப்படிப் பயணம் செய்வது பிரான்சில் என்றும் இருந்த வழக்கமல்ல. 1936ஆம் ஆண்டு பெரும் வேலைநிறுத்தங்களின் பின்னர், லெயோன் பிளம் தலைமையிலான அரசாங்கம் இரண்டு வாரச் சம்பளத்துடன் கூடிய விடுமுறையைச் சட்டமாக்கியது. 1956இல் அது மூன்று வாரங்களாகவும் 1969இல் நான்கு வாரங்களாகவும் 1982இல் ஐந்து வாரங்களாகவும் உயர்ந்தது. 1936 அரசாங்கத்தில் மூன்று பெண்கள் துணை அமைச்சர்களாக இருந்தனர். அவர்களில் ஒருவரான சுசான் லகோர், தொர்தோன் கிராமமொன்றில் நீண்டகாலம் ஆசிரியையாக இருந்தவர். சிறுவர் பாதுகாப்பு அவரது பொறுப்பு. அமைச்சரவையில் இடம்பெற்ற அந்தப் பெண்களுக்கு அப்போது வாக்குரிமை இருக்கவில்லை. பிரெஞ்சுப் பெண்களுக்கு அது 1944இல்தான் கிடைத்தது.

இப்பிரதேசத்தின் முதற்சிறப்பு குகைகள். 1940 செப்டெம்பரில் மொந்தினியாக் என்ற ஊருக்கு அருகில், பதின்ம வயதுச் சிறுவர்கள் நால்வர் ஒரு குழிக்குள் இறங்கியபோது லாஸ்கோ குகை ஓவியங்கள் வெளியுலகுக்குத் தெரியவந்தன. பதினேழாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழைமையான குதிரைகள், மான்கள், காட்டெருதுகள் அங்கே வரையப்பட்டுள்ளன. ஓர் எருதின் உருவம் மட்டும் ஐந்து மீற்றருக்கும் அதிக நீளம். 1948இல் குகை மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஆனால் பார்க்க வந்தோரின் மூச்சுக்காற்றே ஓவியங்களைப் பழுதாக்கத் தொடங்கியதால் 1963இல் மூடப்பட்டது. இப்போது நாம் பார்ப்பது பிரதியைத்தான். முதலாவது பிரதி 1983இல் திறக்கப்பட்டது. அதன் ஓவியங்களைப் பல ஆண்டுகள் உழைத்துத் தீட்டியவர் மொனிக் பேத்ரால் என்ற பெண் ஓவியர். குகை முழுவதையும் காட்டும் பெரிய பிரதி 2016 டிசெம்பரில் திறக்கப்பட்டது. கோடைகாலத்தில் முன்கூட்டியே பதிவு செய்து செல்வது நல்லது.

உண்மையான குகையைப் பார்க்க விரும்புவோர் ரூஃபினியாக் செல்லலாம். நீண்டு செல்லும் அந்தக் குகைக்குள் சிறிய மின்சார ரயிலில் அழைத்துச் செல்கிறார்கள். சுவர்களில் மாமத் யானைகளின் கோட்டோவியங்களையும் கரடிகளின் நகக்கீறல்களையும் காணலாம். வெளியே கொளுத்தும் வெயில் அடித்தாலும் உள்ளே நல்ல குளிர். பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை அவசியம்.

லேஸேசி கிராமத்தில் தேசிய தொல்வரலாற்று நூதனசாலை இருக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டோருக்கு அனுமதி இலவசம். ஆதிமனிதரைக் குறிக்கும் குரோமான்யன் என்ற பெயர் இந்தக் கிராமத்துப் பாறைக்குடிலொன்றிலிருந்து வந்தது. 1868இல் அங்கே பாதை வேலை செய்தவர்கள் கண்டெடுத்த எலும்புக்கூடுகளில் ஒரு பெண்ணினதும் ஒரு குழந்தையினதும் இருந்தன. எனினும் "குரோமான்யன் மனிதன்" என்றே உலகம் படித்து வந்திருக்கிறது.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது ஆறுதான். தொர்தோனில் சிறு வள்ளங்களை வாடகைக்கு எடுத்து, நீரோட்டத்தோடு துடுப்புப் போட்டுக்கொண்டு போகலாம். மிதவை அங்கி தருவார்கள். முடிவிடத்திலிருந்து வாகனத்தில் திருப்பி அழைத்து வருவார்கள். பாறையடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் லா ரோக் கஜாக் கிராமம் ஆற்றிலிருந்து பார்க்கையில் மிக அழகு. அதே பாறை 1957 ஜனவரியில் சரிந்து மூவரைப் பலிகொண்டது. சற்றுத் தள்ளி, ஆற்றின் இருபுறமும் பேனாக், கஸ்தெல்நோ என்ற கோட்டைகள் ஒன்றையொன்று முறைத்தபடி நிற்கின்றன. நூறாண்டுப் போரில் எதிரெதிர் அணிகளில் நின்றவை அவை. கஸ்தெல்நோவில் இப்போது பழைய போர்க்கருவிகளின் காட்சிச்சாலை இருக்கிறது. கல்லெறியும் பொறியைப் பிள்ளைகள் வாய்பிளந்து பார்க்கிறார்கள். போர் எவ்வளவு பழையதானால் அது விளையாட்டுப் பொருளாகும் என்று எண்ணிக்கொண்டேன்.

சார்லா நகரில் புதன், சனிக்கிழமைகளில் சந்தை கூடுகிறது. பழைய தேவாலயமொன்றும் பிரமாண்டமான உலோகக் கதவுகளுடன் சந்தைக் கட்டடமாக மாற்றப்பட்டுள்ளது. வால்நட் பருப்பு, அதன் எண்ணெய், பாற்கட்டி, காளான் எல்லாம் உண்டு. வாத்து ஈரலுக்கும் இப்பகுதி பேர்போனது. ஈரல் பெருக்கவென்று வாத்துகளுக்கும் தாராக்களுக்கும் தொண்டையில் குழாய் வைத்துத் தீன் திணிப்பார்கள். பண்ணைகளில் அது பரம்பரையாகப் பெண்களின் வேலையாக இருந்தது. அதனை வதை என்று எதிர்ப்போரும் உள்ளனர்.

மிலான்த் மாளிகையை நான் பெண்கள் எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். அமெரிக்காவில் வறுமையில் பிறந்து பாரிஸில் புகழ்பெற்ற கறுப்பினக் கலைஞர் ஜோசபின் பேக்கரின் இல்லம் அது. உலகப் போரின்போது பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்துக்காக உளவு வேலை செய்த அவர், 1947இல் இதனை வாங்கினார். வெவ்வேறு நாடுகளையும் இனங்களையும் சேர்ந்த பன்னிரண்டு பிள்ளைகளைத் தத்தெடுத்து இங்கு வளர்த்தார். மனிதர் இன பேதமின்றி வாழலாம் என்று காட்டுவதே அவரது நோக்கம். மாளிகையை உல்லாசப் பயணத் தலமாகவும் ஆக்கினார். வந்தவர்கள் பிள்ளைகளையும் வேடிக்கை பார்த்தார்கள். இலட்சியம் பெரிதுதான், அந்தப் பிள்ளைகள் அதற்குக் கொடுத்த விலையையும் நாம் மறக்கலாகாது. கடன் முற்றி, 1969இல் அவர் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். சமையலறை வாசற்படியில் அவர் உட்கார்ந்திருந்த புகைப்படம் பிரசித்தமானது. 2021 நவம்பரில் பாரிஸின் பந்தியோன் நினைவாலயத்தில் கௌரவிக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண் அவரே.

நாங்கள் தங்கியது "ஜீத்" எனப்படும் கிராமத்து வாடகை வீட்டில். குறைந்த செலவில் நகரத்துக் குடும்பங்கள் தங்கவும், கிராமத்தவருக்கு மேலதிக வருமானம் கிடைக்கவும் என 1955இல் இதற்கான சம்மேளனம் உருவானது. ஹோட்டலை விட மலிவு. ஆனால் சமையல் எமது பொறுப்பு. அக்கா பாரிஸில் ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்பவர். மூன்றாம் நாள் இரவு பாத்திரம் கழுவியபடி சொன்னார்: "லீவு பிள்ளையளுக்கும் இவருக்கும்தான். எனக்கு அடுப்புத்தான் மாறியிருக்கு." அத்தான் அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மத்தியானம் பாண், பாற்கட்டி, தக்காளி எல்லாவற்றையும் அவரும் பிள்ளைகளும் கட்டி எடுத்துவர, ஆற்றங்கரையில் சாப்பிட்டோம். அக்கா மரநிழலில் ஒரு மணிநேரம் உறங்கினார்.

சட்டம் தொழிலாளிக்கு ஐந்து வார ஓய்வைக் கொடுத்திருக்கிறது. வீட்டு வேலைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதை வீட்டிலுள்ளவர்கள்தான் கொடுக்க வேண்டும். சம்பள விடுமுறை இருந்தும் பயணம் போக வசதியில்லாதோரும் பிரான்சில் நிறைய உள்ளனர். ஏறக்குறைய பத்தில் நான்கு பேர் ஆண்டுதோறும் விடுமுறைப் பயணம் போவதில்லை. "செக்கூர் பொப்புலேர்" என்ற தொண்டு நிறுவனம் 1979 முதல் ஓகஸ்ட் மாதத்தில், எங்கும் போகாத பிள்ளைகளை ஒரு நாளாவது கடற்கரைக்கோ நாட்டுப்புறத்துக்கோ அழைத்துச் செல்கிறது. விடுமுறை முடிந்து பாடசாலை திறக்கும்போது, "நீ எங்கே போனாய்?" என்ற கேள்விக்கு அந்தப் பிள்ளைக்கும் ஒரு பதில் வேண்டுமல்லவா?

ஓய்வு ஆடம்பரமல்ல, அது உரிமை. குடும்பமாக எங்கு புறப்பட்டாலும், என்ன பார்க்கப் போகிறோம் என்று பேசுமுன் யார் சமைப்பது, யார் கழுவுவது என்று பேசிக்கொள்வோம். அப்போதுதான் வீட்டிலுள்ள எல்லோரும் விடுமுறைக்குப் போனவர்களாவோம்.