பத்துப் பேருக்குக் குறையாமல்

சென்னை பார்களில் ‘லேடீஸ் நைட்’ என்றால் பெரும்பாலும் வாரத்தின் நடுவே, கூட்டம் குறைந்த ஒரு நாள். பெண்களுக்கு நுழைவு இலவசம், முதல் இரண்டு கோப்பையும் இலவசம். இந்தத் தாராளம் நமக்கானதல்ல. பெண்கள் இருக்கும் இடத்துக்கு ஆண்கள் வருவார்கள், வந்தவர்கள் காசு கொடுத்துக் குடிப்பார்கள் என்ற கணக்கு அது. தூண்டில் போடுகிறவர் புழுவிடம் காசு கேட்பதில்லை.

அதனால்தான், நுங்கம்பாக்கத்து ஓட்டல் ஒன்றில் ஆண்களே இல்லாத நடன இரவு புதிதாகத் தொடங்குகிறது என்று தோழி சொன்னதும் போய்விட வேண்டும் என்று தோன்றியது. கட்டணம் 800 ரூபாய். எங்கள் ஆட்டத்துக்கு நாங்களே காசு கட்டுகிறோம் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. வியாழன் இரவு எட்டு மணிக்கு என்று போட்டிருந்தார்கள். எட்டரைக்குப் போனோம். நூற்றைம்பது பேர் ஆடக்கூடிய கூடத்தில் இரண்டு பெண்கள் சுவரோரம் நின்றிருந்தார்கள். இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத ஒரு டிஜே பெண், எதிரே ஆயிரம் பேர் இருப்பதுபோல் கையை உயர்த்தி உயர்த்திப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஒன்பது மணிக்கு ஏழு பேரானோம். அதுதான் அன்றைய உச்சம்.

காலியான கூடத்தில் முதல் அடி எடுத்து வைப்பதுபோல் கஷ்டம் வேறில்லை. அதை எங்களுக்காகச் செய்தவர் வங்கியில் வேலை பார்க்கும் ஐம்பத்தாறு வயது அம்மா ஒருவர். தனியாக வந்திருந்தார். செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளினார், முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார், கைப்பையைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டார். “எனக்கு ஆடத் தெரியாதும்மா. ஆனா கல்யாண வீட்ல, பசங்க ஆடுறத உக்காந்து பார்த்தே முப்பது வருஷம் போச்சு” என்றார். பிறகு இரண்டு மணி நேரம் உட்காரவில்லை. யாரும் பார்க்காதபோது நம் உடம்பு எப்படி இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் அவரிடம் பார்த்தேன். இடுப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டவர்போல் சிரித்துக்கொண்டே இருந்தார்.

மேசையில் கவிழ்த்து வைத்திருந்த போன்கள் மட்டும் ஓயவில்லை. ஒன்று அணைந்தால் இன்னொன்று ஒளிரும். எங்க இருக்க, எப்ப கிளம்புற, யார்கூட வருவ. ஒன்பதே காலுக்கு ஐ.டி. நிறுவனப் பெண்கள் இருவர் பையைத் தூக்கினார்கள். விடுதிக் கதவு பத்து மணிக்கு மூடிவிடும். “வார்டன்கிட்ட அண்ணன் வீட்டு நிச்சயதார்த்தம்னு சொல்லியிருக்கோம்க்கா” என்றாள் ஒருத்தி. இதே பெண்கள் மாதத்தில் பத்து நாள் இரவு ஷிப்ட் போகிறவர்கள். அப்போது விடுதிக் கதவு திறக்கும், கம்பெனி கார் வரும், காரில் காவலாளியும் இருப்பார்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், இரவு ஏழு முதல் காலை ஆறு வரை பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பளித்தது. கூடவே நிபந்தனைகள் போட்டது: வீட்டுக்குப் போய்வர வண்டி தர வேண்டும், பெண்களைப் பத்துப் பேருக்குக் குறையாத குழுவாகத்தான் வைக்க வேண்டும். நல்ல நிபந்தனைகள்தான். சம்பளத்துக்கு என்றால் இரவைத் திறக்க என்னென்ன தேவை என்று யோசிக்க ஆள் இருக்கிறது. மகள் இரவு ஷிப்டில் இருக்கும்போது நிம்மதியாகத் தூங்கும் அதே அம்மா, மகள் ஆடப் போனால் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள்.

அந்த இருவரும் போன பிறகு நாங்கள் ஐந்து பேர். டிஜே, இரண்டு பெண் பவுன்சர்கள், பரிமாறும் பெண், கழிப்பறையைச் சுத்தம் செய்யும் அக்கா என்று வேலையில் ஐந்து பேர். சேர்த்தால் சரியாகப் பத்து. பவுன்சர்களில் ஒருத்தி பல்லாவரத்துக்காரி. கழிப்பறை வாசலில் அவளிடம் எப்படி வீட்டுக்குப் போவாள் என்று கேட்டேன். “வண்டியெல்லாம் மேனேஜருக்குத்தான் மேடம். ஸ்டாஃப் ரூம்ல படுத்துட்டு விடியக்காலை முதல் ட்ரெயின்ல போயிடுவேன்.” தீர்ப்புகள் தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடுகின்றன போலும். 800 ரூபாய் அவளுக்கு எத்தனை நாள் கூலி என்று நான் கேட்கவில்லை.

வெளியே அந்த மேனேஜர், நிகழ்ச்சி நடத்திய பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “நான் அப்பவே சொன்னேன்ல, லேடீஸுக்கு இதுலல்லாம் இன்ட்ரஸ்ட் இல்ல.” அவள் பதில் சொல்லவில்லை. போன் கேமராக்களுக்கு மேல் ஒட்ட ஸ்டிக்கர்வரை அவள் யோசித்து வைத்திருந்தாள். கூடத்துக்குள் ஒரு குறையும் இல்லை. ஆனால் 2021 முதல் பெண்களுக்கு இலவசமான சாதாரணப் பேருந்துகள் இரவு பத்துக்கு மேல் அபூர்வம்; மெட்ரோ பதினொன்றோடு சரி; பிறகு ஆட்டோக்காரர் சொல்வதுதான் விலை. அன்று நான் வீடு போய்ச் சேர 450 ரூபாய் ஆனது. இதையெல்லாம் அவள் ஒருத்தி எங்கிருந்து சரிசெய்வாள்?

மூன்றாவது வாரம் அந்தக் கூடத்தில் வியாழக்கிழமை ‘ஜோடிகளுக்கு மட்டும்’ ஆகிவிட்டது. தனியாக வரும் ஆணுக்கு அனுமதி இல்லை. ஆணோடு வரும் பெண்ணுக்குக் கட்டணம் இல்லை. கூட்டம் நன்றாக இருப்பதாகத் தோழி சொல்கிறாள்.

வங்கி அம்மா எங்கள் எண்களை வாங்கி ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார். போன வாரம் செய்தி வந்தது: வேளச்சேரியில் அவருடைய அடுக்ககத்து மொட்டை மாடி, ஸ்பீக்கர் இருக்கிறது, ஞாயிறு மாலை நான்கு மணி. இருட்டுவதற்குள் எல்லாரும் கிளம்பிவிடலாமாம். ஆறு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறோம். பல்லாவரத்துப் பெண்ணுக்கு அன்று டியூட்டி.