கேட்டை யாரைக் கெடுத்தது?

பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கினால் படிப்பு, சமையல் எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்கப்படுவது நட்சத்திரம்தான். என் மூத்த பெண் கேட்டை. "கேட்டைப் பெண் வந்தால் மாப்பிள்ளையின் அண்ணனுக்கு ஆகாது" என்று இதுவரை மூன்று இடம் தட்டிப் போய்விட்டது. "நான் யாரை என்னம்மா பண்ணினேன்?" என்று அவள் கேட்டபோது எனக்கு நெஞ்சை அடைத்தது. அந்தக் கேட்டை அப்படி என்னதான் செய்கிறது? பள்ளியிறுதியோடு நின்றுவிட்ட நான், மகனை நூலகத்துக்கு அனுப்பிப் புத்தகம் வாங்கி வரச் சொல்லிப் படித்தேன்.

வானவெளியில் ஹைட்ரஜன் வாயுவும் தூசியும் மேகமாகத் திரண்டு, தன் பாரத்தாலேயே சுருங்கிச் சூடேறுகின்றன. நடுவில் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறத் தொடங்கியதும் நட்சத்திரம் பிறந்துவிடுகிறது.

கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், பிறகு வெளுக்கும் அல்லவா? அதுபோல நட்சத்திரத்தின் சூட்டையும் நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம். அதிகச் சூட்டிலிருந்து குறைந்த சூடு வரை ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று ஏழு வகை. இந்த வரிசையை ஒழுங்கு செய்தவர் அமெரிக்காவில் ஹார்வர்டு வானாய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஆனி ஜம்ப் கேனன் என்ற பெண்மணி. காது சரியாகக் கேட்காத அவர், சுமார் 3,50,000 நட்சத்திரங்களை வகை பிரித்தாராம்! நீலச் சித்திரை 'பி', நம் சூரியன் 'ஜி', ரோகிணியும் சுவாதியும் 'கே', திருவாதிரையும் கேட்டையும் 'எம்'.

நட்சத்திரத்தின் தலையெழுத்து அதன் எடைதான். சூரியனுக்கு வயது 460 கோடி ஆண்டு; இன்னும் சுமார் 500 கோடி ஆண்டு தாங்கும். பிறகு வீங்கிச் சிவந்து, கடைசியில் வெண்குள்ளனாக அடங்கிவிடும். ஆனால் சூரியனைப்போல் 1.4 மடங்குக்கு மேல் எடையிருந்தால் வெண்குள்ளனாக நிலைக்க முடியாது. 1930-ல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே இதற்குக் கணக்குப் போட்டவர் நம் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1983-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கேட்டை சூரியனைவிடச் சுமார் 700 மடங்கு அகலம். எடையும் பத்து மடங்குக்கு மேல். பெரிய குடும்பத்தில் அரிசி சீக்கிரம் தீர்வதுபோல, இதன் ஆயுளும் ஒன்றிரண்டு கோடி ஆண்டுகள்தான். கடைசியில் வெடித்துச் சிதறிவிடும். சிதறுவது வீணாவதில்லை, சகோதரிகளே! உப்பிலுள்ள சோடியமும் குளோரினும் கேட்டையைப் போன்ற பெரிய நட்சத்திரங்களின் வயிற்றில் சமைந்து, அவை வெடித்தபோது வெளியே வந்தவை. எங்கள் இடையஞ்சாவடிக்கு வடக்கே மரக்காணம் பாத்திகளில் மலையாகக் குவிகிற உப்பும் அப்படி வந்ததுதான். எந்த வீட்டுக்கு ஆகாது என்கிறார்களோ, அந்த இனம் போட்ட உப்புத்தான் எல்லா வீட்டுக் குழம்பிலும்!

கேட்டையின் ஒளி நம்மை வந்து சேர சுமார் 550 ஆண்டாகிறது. என் பெண் பிறந்தபோது சந்திரன் அந்தப் பக்கம் இருந்தான், அவ்வளவுதான். அதற்கு எந்த அண்ணனைத் தெரியும்?

வைகாசி, ஆனி மாதங்களில் இருட்டிய பிறகு தென்கிழக்கே செக்கச்செவேலென்று தெரியும். வீட்டில் கேட்டைப் பெண் இருந்தால் அவளை அழைத்துப்போய்க் காட்டுங்கள். வீட்டுக்கு மருமகள் தேடுகிறவர்களும் ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். பிறகு பெண்ணைப் பாருங்கள்.