அமாங் மணலும் நம் அறியாமையும்

கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் அரித்தெடுத்தபின் எஞ்சும் கனத்த மணலுக்கு அமாங் என்று பெயர். அதில் மோனசைட்டு என்னும் கனிமம் கலந்துள்ளது. கன்னியாகுமரிப் பக்கத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடப்பதும் அதுவே. மோனசைட்டிலுள்ள தோரியத்தைக் கொண்டுதான் முன்னாளில் கியாஸ் விளக்கின் மேண்டில் செய்தார்கள். நம் திருவிழாப் பந்தல்களில் வெளிச்சம் தந்த பொருள் அது. அது கதிரியக்கம் உடையதென்பதும், பாதியாகச் சிதைய 1400 கோடி ஆண்டுகள் செல்லுமென்பதும் விளக்கேற்றிய நம்மவர் அறியாதவை.

ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில், 1982-ல் ஏஷியன் ரேர் எர்த் என்னும் ஆலை அம்மோனசைட்டைப் பிரிக்கத் தொடங்கிற்று. ஜப்பானின் மிட்சுபிஷி கம்பெனிக்கும் அதில் பங்குண்டு. அங்கு நடப்பது இன்னதென்று ஜனங்களுக்கு முதலில் அறிவித்தவை அவர்களுடைய மூக்கும் தொண்டையுமே. கழிவைப் பாப்பானில் கொட்டப் போவதாகத் தெரிந்ததும், 1984-ல் அவ்வூரார் கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டு புக்கிட் மேராவாசிகள் எண்மர், ஊராரனைவர் சார்பிலும் ஈப்போ உயர்நீதிமன்றம் ஏறினர்.

வழக்கைக் காட்டிலும் நான் வியப்பது அவர்கள் கற்ற கல்வியை. நாட்கூலிக்கு உழைப்போர் தோரியம், ரேடான் என்னும் சொற்களின் பொருளைக் கேட்டுத் தெரிந்துகொண்டனர். ஜப்பானியப் பேராசிரியர் இச்சிகாவா ஆலையைச் சுற்றிக் கருவி கொண்டு அளந்தார். நம்மவரான மருத்துவர் ஜெயபாலன் ஊரார் உடல்நிலையை ஆராய்ந்தார். 1992 ஜூலை 11-ல் தீர்ப்பு ஜனங்கள் பக்கமாயிற்று. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதை மாற்றிற்று. ஆயினும் 1994-ல் ஆலை மூடப்பட்டது. சுமார் 11,000 பேர் வாழ்ந்த இடத்தில் எட்டுப் பேருக்கு இரத்தப் புற்று கண்டு எழுவர் மாண்டனர் என்று பத்திரிகைகள் எழுதின. தான் பொறுப்பல்ல என்றது கம்பெனி. பின்னர் கழிவை அகற்றிக் கிளேடாங் மலைத்தொடரில் புதைக்கச் சுமார் 10 கோடி அமெரிக்க டாலர் செலவாயிற்று. தீங்கற்ற பொருளைப் புதைக்க இவ்வளவு பணத்தைக் கொட்டுவார் யார்?

இது பட்டணத்துச் சங்கதி என்று தோட்டத்தார் ஒதுக்கிவிட வேண்டா. ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில், பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை நம் பெண்கள் முதுகில் சுமந்து தெளித்தனர். அந்நஞ்சுக்கு முறிமருந்து இல்லை. இந்நாட்டு அரசாங்கம் அதை 2002-ல் தடுத்து, 2006-ல் தளர்த்தி, 2020-ல்தான் முற்றிலும் விலக்கிற்று. மூக்கில் இரத்தம் கசிந்தால் உடற்சூடென்று இளநீர் குடித்தோம். நகம் கழன்றால் கண்ணேறு கழித்தோம். எச்சரிக்கை டின்னின்மேலேயே அச்சிட்டிருந்தது!

லயத்துக்கு லயம் மாரியம்மன் திருவிழாக் கமிட்டி இருக்கிறது. தேர் எவ்வழி போகவேண்டும் என்பதில் நள்ளிரவுவரை வாதம் நடக்கிறது. மருந்துக் கிடங்கில் தீப்பற்றினால் புகை எப்பக்கம் வரும், நம் குழந்தைகளை எவ்வழியே வெளியேற்றுவது என்று அக்கமிட்டியில் இதுவரை கேட்டவர் எவரேனும் உண்டா?